கையில் ஒட்டும் சுகர் சென்சார்: பார்டரில் இருப்பவர் வாங்கலாமா?

கையில் ஒட்டிக்கொள்ளும் சுகர் சென்சார் இப்போது பெரிய மெடிக்கல் ஷாப்களில் சாதாரணமாகக் கிடைக்கிறது. விரலைக் குத்த வேண்டியதில்லை, நாள் முழுக்கச் சுகர் எப்படி ஏறி இறங்குகிறது என்று போனில் கோடு போட்டுக் காட்டும். 14 நாள் வேலை செய்யும். விலை ஐயாயிரம் ரூபாயை ஒட்டி. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களை மனதில் வைத்து வந்த சாமான் இது. இப்போது என்னைப் போல இன்னும் சுகர் வராமல் பார்டரில் நிற்கிறவர்களும் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய முதல் சென்சாருக்கு 2024 மார்ச்சில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அதுவும் இன்சுலின் போடாதவர்களுக்கென்றே.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்டரில் இருக்கிறவர் ஒரு தடவை வாங்கலாம், கொடுத்த காசுக்கு மோசமில்லை. இரண்டாவது தடவை தேவையில்லை. லேப்பில் ரத்தம் கொடுத்துப் பார்க்காமல் நேராக இதை வாங்கி ஒட்டுவது வெட்டிச் செலவு. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இந்த வகைச் சாமான் எல்லாமே வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நாகர்கோவிலில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 46. கிளட்ச் கேபிளோ பிரேக் ஷூவோ கேட்டால் ஏணியில் ஏறி எடுப்பது பையன்கள். நான் காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பேன், அப்புறம் ராத்திரி ஷட்டர் இறக்கும்போதுதான். அப்பாவுக்குச் சுகர் உண்டு. என்னை யாரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். கை கால் எல்லாம் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் வரும். நம்மூரில் பாதிப் பேர் இந்த வார்ப்புதான்.

பார்டர் சுகரில் உள்ள சங்கடம், அது வந்திருப்பதே தெரியாது. தாகம், ராத்திரி அடிக்கடி எழுந்து போவது, எடை இறங்குவது எல்லாம் சுகர் நன்றாக ஏறிய பிறகு வருகிறவை. எனக்கு வெளியே தெரிந்த ஒரே அடையாளம் பின்கழுத்தில் இருந்தது. முடி வெட்டுகிற அண்ணன் கழுத்தில் பவுடர் போட்டுத் துடைத்துக்கொண்டே, "இந்தக் கருப்பு மட்டும் போகமாட்டேங்கு அண்ணே, எலுமிச்சம்பழம் தேச்சுப் பாருங்க" என்பார். கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் கருத்துத் தடித்து, தொட்டால் மெத்தென்று இருக்கும். அது அழுக்கு இல்லை, எலுமிச்சம்பழத்துக்கும் போகாது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாகப் படிவதில்லை, அதனால் கூடுதலாகச் சுரக்கவேண்டியிருக்கிறது என்பதற்குப் பல சமயம் அதுதான் வெளி அடையாளம். வேறெதற்கோ போன இடத்தில் டாக்டர் கழுத்தைப் பார்த்துவிட்டு, "வெறும் வயித்துல ஒண்ணு, குளுக்கோஸ் குடிச்சு ஒண்ணு, மூணு மாச சுகர் ஒண்ணு, மூணும் பாத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

வெறும் வயிற்றில் 112. தண்ணீரில் கலக்கிய 75 கிராம் குளுக்கோஸைக் குடித்துவிட்டு, லேப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கொடுத்த ரத்தத்தில் 161. ஹெச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி 6.1. மூன்றுமே பார்டர். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140 முதல் 199 வரை, மூன்று மாதச் சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் பார்டர் என்பது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்றுக் கணக்கை 110-இல்தான் தொடங்குகிறது. அதனால் 104 வந்த ஒருவரை ஒரு டாக்டர் பார்டர் என்பார், இன்னொருவர் ஒன்றுமில்லை என்பார். இருவரும் தப்பில்லை.

மூன்று டெஸ்டும் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லாது. என் மனைவிக்கு வெறும் வயிற்றில் 91, மூன்று மாதச் சராசரி மட்டும் 5.9. அவளுக்கு இரும்புச் சத்துக் குறைவு உண்டு. ரத்த சோகை அந்த வகையில் இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். முதலில் இரும்பு மாத்திரையைச் சாப்பிட்டு முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார் டாக்டர். வீட்டுப் பெண்களுக்கு இந்த ஒரு டெஸ்டை மட்டும் எடுத்துவிட்டுப் பதறுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

லேப்புக்குப் போவதற்கு முன்னாலேயே காசில்லாமல் போடக்கூடிய ஒரு கணக்கும் இருக்கிறது. சென்னையில் சுகர் நிபுணர் டாக்டர் மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்டது. வயது 35-க்குக் கீழே என்றால் பூஜ்யம், 49 வரை 20, அதற்கு மேல் 30. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருந்தால் பூஜ்யம், 99 வரை 10, நூறும் அதற்கு மேலும் 20. பெண்களுக்கு இதே கணக்கு 80-இலிருந்தும் 90-இலிருந்தும். அம்மா அப்பாவில் ஒருவருக்குச் சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் கிடையாது என்றால் 30. கூட்டினால் அறுபதோ அதற்கு மேலோ வந்தால் லேப்புக்குப் போய்விடவேண்டும். எனக்கு வயதுக்காக 20, இடுப்பு 98 செ.மீ. என்பதால் 10, அப்பாவுக்காக 10, கல்லாவுக்காக 30. மொத்தம் 70. தையல்காரரிடம் இருக்கும் இஞ்சி டேப்பே போதும், தொப்புளை ஒட்டி அளக்கவேண்டும். பேண்ட் சைஸைச் சொல்லி ஏமாறக் கூடாது, தொந்திக்குக் கீழேதான் நாம் எல்லாரும் பேண்ட் போடுகிறோம்.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. சாப்பாட்டைக் குறையுங்கள், நடங்கள் என்றார். எந்தச் சாப்பாட்டை, எப்போது நடக்க என்று நான் இழுக்கவும், அவர்தான் இந்த சென்சாரைச் சொன்னார். "ஒரு தடவை ஒட்டிப் பாருங்க. உங்களுக்கே தெரியும்."

இனி சாமானுக்கு வருகிறேன். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலமான வெள்ளை வில்லை. மேல்கையின் பின்பக்கம், சதை உள்ள இடத்தில் ஒட்டவேண்டும். கூடவே வரும் பிளாஸ்டிக் கருவியைக் கையில் வைத்து அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். ஊசி உள்ளே போய், நூல் அளவு மெல்லிய ஓர் இழையைத் தோலுக்கு அடியில் விட்டுவிட்டுத் திரும்பிவிடும். வலி என்று சொல்ல ஒன்றுமில்லை, சத்தம்தான் திடுக்கிட வைத்தது. ஒரு மணி நேரம் கழித்துப் போனில் எண் வர ஆரம்பிக்கும். போனில் ஆப் ஏற்றுவது, புளூடூத் இணைப்பது எல்லாம் காலேஜ் படிக்கிற மகள் பார்த்துக்கொண்டாள். அம்மாதான், "என்ன மக்களே, கையில பட்டனைத் தச்சு வச்சிருக்க?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த இழை ரத்தத்தைத் தொடுவதில்லை. தோலுக்கு அடியில் செல்களைச் சுற்றியிருக்கும் நீரில் உள்ள சர்க்கரையைத்தான் அளக்கிறது. ரத்தத்தில் ஏறுவது அந்த நீருக்கு வந்துசேரச் சில நிமிடம் ஆகும். அதனால் சென்சார் காட்டுவது எப்போதும் கொஞ்சம் பழைய செய்தி. பத்து சதவீதம் முன்பின் இருக்கும் என்றும் வைத்துக்கொள்ளவேண்டும். ஒட்டிய முதல் நாள் எண்களை நம்பிப் பலனில்லை. எனக்கு அன்று விரல் குத்திப் பார்த்ததற்கும் சென்சாருக்கும் முப்பது வரை வித்தியாசம் இருந்தது, மறுநாள் ஒழுங்குக்கு வந்தது. கவனிக்கவேண்டியது தனி எண்ணை அல்ல, கோடு போகிற போக்கை. சுகர் இருக்கிறதா, பார்டரா என்று முடிவு செய்ய இது உதவாததும் இதனால்தான். அதற்கு லேப்தான்.

இரண்டாம் நாள் நள்ளிரவில் போன் அலறியது. சுகர் 58 என்றது. மனைவி சர்க்கரை டப்பாவை எடுக்க எழுந்துவிட்டாள். குளுக்கோமீட்டரில் பார்த்தால் 96. சென்சார் ஒட்டிய கையை அமுக்கிப் படுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த இடம் அழுந்தினால் இழையைச் சுற்றி ஓட்டம் குறைந்து பொய்யாகத் தாழ்த்திக் காட்டும். மாத்திரை, இன்சுலின் எதுவும் எடுக்காத பார்டர்காரருக்குத் தூக்கத்தில் இப்படி 58-க்கு இறங்குவது பொதுவாக நடக்காத காரியம். எந்தப் பக்கம் படுப்பீர்களோ அதற்கு எதிர்க் கையில் ஒட்டுங்கள். டப்பாவுக்குள் இருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தில் இது இருக்கலாம், யார் படிக்கிறார்கள்.

இனி சாப்பாடு. நான் காசு கொடுத்தது இதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் புட்டு என்றால் சிவப்பரிசி மாவுதான். சிவப்பரிசி சுகருக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. ஒன்றரைக் குழல் புட்டு, மேலே ஏத்தன்பழம் (நேந்திரம்) பிசைந்து, கொஞ்சம் சீனி. நான் சின்ன வயதிலிருந்து சாப்பிடுவது அப்படித்தான், சென்சார் வந்த வாரத்திலும் வேண்டுமென்றே அப்படியே சாப்பிட்டேன். 104-இல் இருந்த கோடு ஒரு மணி நேரத்துக்குள் 201-ஐத் தொட்டது. செங்குத்தாக ஏறி, பதினொரு மணிக்குள் 90-க்கு விழுந்தது. விழுந்த நேரத்தில் எனக்குப் பசி. கடையில் தினமும் பதினொரு மணிக்கு வடையும் டீயும் சொல்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்று கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த புட்டு நாளில் மாவு அதே மாவு, தேங்காய்ப்பூவும் அதே அளவு. குழல் ஒன்றரையிலிருந்து முக்கால் ஆனது. பழமும் சீனியும் போய், சிறுபயறுக் கறி ஒரு கிண்ணம் நிறைய, ஒரு அவித்த முட்டை, பப்படம் ஒன்று. முதலில் பயறில் பாதியும் முட்டையும், அப்புறம்தான் புட்டு. கோடு 146-க்கு மேல் போகவில்லை. மேடு தட்டையாகி, மெதுவாக இறங்கியது. பதினொரு மணி வடையை நான் தியாகம் செய்யவில்லை, அது ஞாபகத்துக்கே வரவில்லை. பருப்பு, முட்டை, மீன், காய்கறி முதலில் வயிற்றுக்குள் போனால் பின்னால் வருகிற மாவுச்சத்து இரைப்பையை விட்டு மெல்லத்தான் நகரும் என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பிடித்தது என்னவென்றால், புட்டை விடவேண்டியிருக்கவில்லை.

மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் இதே கதை. கிழங்கு மலையாகவும் மீன் இரண்டு துண்டாகவும் இருந்தால் 190-ஐ எட்டும். தட்டைத் தலைகீழாக்கினால் 150 பக்கம். சாளை மலிவான மீன், இந்த மாற்றத்தால் வீட்டுச் செலவு ஏறவில்லை.

சந்தையில் 'சுகருக்கு நல்லது' என்று விற்கிறவற்றில் இரண்டைச் சோதித்தேன். கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, சீனி போட்ட காப்பி மாதிரியே ஏறியது. கருப்பட்டியில் இரும்பு அது இது என்று இருக்கலாம். உடம்பு அதைச் சர்க்கரையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. தினை தோசை மூன்று சாப்பிட்டதற்கும் அரிசி தோசை மூன்று சாப்பிட்டதற்கும் என் கோட்டில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தினை கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டோடு நிறுத்திச் சட்னிக்குப் பதில் சாம்பாரும் கடலைக் கறியும் கூடப் போனால் இரண்டு வகைத் தோசையுமே அடங்கின. பாக்கெட்டில் தினை என்று எழுதியிருப்பதற்காக எட்டுத் தோசை சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம். ஞாயிறு மதியம் வீட்டில் சோறு, தீயல், மீன் பொரித்தது. இனிப்பு எதுவும் இல்லை. சாப்பிட்டு வழக்கம்போலப் படுத்தேன். 192. அந்த வாரமே சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நாஞ்சில் நாட்டு விருந்து தெரியும்தானே, பருப்பு நெய்யில் தொடங்கி சாம்பார், புளிசேரி என்று சோறு வந்துகொண்டே இருக்கும், அப்புறம் அடைப்பிரதமன் இலையில் விழும், அதில் மட்டிப்பழத்தையும் பப்படத்தையும் பிசைந்து வழித்து முடிப்பதற்குள் பால் பாயசம் வந்து நிற்கும். இரண்டையும் சாப்பிட்டேன். 250 போகும் என்று நினைத்துக்கொண்டு எழுந்தால், பரிமாற ஆள் போதவில்லை, "அண்ணே, அந்த அவியல் வாளியைக் கொஞ்சம் பிடிங்க" என்று கையில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த இரண்டு பந்திக்கும் பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குனிந்து நிமிர்ந்து நடந்தேன். வியர்த்து ஓய்ந்து போனை எடுத்துப் பார்த்தால், ஏறிய உச்சமே 168.

இரண்டு பாயசத்தோடு 168, பாயசமே இல்லாமல் படுத்ததற்கு 192. வேலை செய்கிற தசை, இன்சுலினுக்குக் காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். நம் உடம்பில் அதிகச் சர்க்கரையை வாங்கிக்கொள்கிற இடமே தொடையும் காலும்தான். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, அது இதயத்துக்கும் எடைக்கும் நல்லது. ஆனால் என்னைப் போல ராத்திரி கடை மூடி வந்து படுக்கப் பன்னிரண்டு ஆகிறவனுக்கு அது நடக்கிற காரியமா? சாப்பிட்ட அரை மணிக்குள் பதினைந்து நிமிட நடை என்னால் முடியும். மதியம் சாப்பிட்டதும் பையன்களிடம் கல்லாவைக் கொடுத்துவிட்டு ஒரு நடை போய் வருகிறேன். பாக்கி வரவேண்டிய ஒர்க் ஷாப்களுக்குப் போனில் பேசுவதை விட்டு நேரிலேயே போகிறேன். பாக்கியும் கொஞ்சம் சீக்கிரம் வருகிறது.

நடை முக்கியம் என்றால், என் விஷயத்தில் அதைவிடப் பெரிய ஓட்டை ராத்திரிச் சாப்பாடு. கடை மூடி வரும் வழியில் பரோட்டா, சால்னா, கூட ஒரு சிக்கன். பத்து மணிக்கு மேல். பரோட்டாவின் கோடு புட்டு மாதிரி குத்தாக ஏறாது, எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்திருப்பதால் மெல்ல ஏறும். 165-க்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. நள்ளிரவு தாண்டியும் இறங்கவில்லை, இரண்டு மணிக்கு மேல்தான் சரிந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் விரலைக் குத்திப் பார்த்திருந்தால், பரவாயில்லையே, புட்டைவிட நல்லதுதான் போலிருக்கிறது என்று முடிவு கட்டியிருப்பேன். அப்படிச் சரிந்தது விடியற்காலையில் திரும்ப ஏறியது. நாலு மணியிலிருந்து ஈரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் விடும், எழுந்து நடமாட உடம்பைத் தயார் செய்வதற்கு. எல்லார் உடம்பிலும் நடப்பதுதான், பார்டரில் இருக்கிறவருக்கு அதை அடக்க இன்சுலின் போதுவதில்லை. பரோட்டா நாளின் மறுநாள் காலை 118.

அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு முன்னே இழுத்தேன். மகள் ஸ்கூட்டியில் வந்து டிபன் கேரியரைக் கடையில் வைத்துவிட்டுப் போவாள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து சப்பாத்தி இரண்டும் காயும் சாப்பிட்டுவிட்டு மறுபடி வியாபாரம், மூடும்வரை நின்றுகொண்டே. மறுநாள் காலை 101. ஓரிரு நாள் தற்செயலா என்று பார்த்தேன், சென்சார் இருந்த மிச்ச நாள் முழுக்க 100-க்கும் 106-க்கும் நடுவில்தான் நின்றது. வெறும் வயிற்றுச் சுகருக்கு நான் என்ன செய்ய முடியும், காலையில் ஒன்றும் சாப்பிடவில்லையே என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். பதில் முந்தின ராத்திரியில் இருந்தது. லேப் ரிப்போர்ட்டோ குளுக்கோமீட்டரோ இதை எனக்குக் காட்டியிருக்காது. ஐயாயிரம் ரூபாயும் இந்த ஒரு விஷயத்துக்கே சரியாகப் போயிற்று என்பேன்.

இவ்வளவு சின்ன மாற்றங்களால் சுகர் வருவது தள்ளிப்போகுமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. சென்னையில் இன்னொரு சுகர் நிபுணர் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் பார்டரில் இருந்த 531 பேரைக் குழுக்களாகப் பிரித்து ஏறக்குறைய மூன்று வருடம் தொடர்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். எதுவும் தனியாகச் செய்யாத குழுவில் பாதிக்கு மேல், 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிய குழுவில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை எடுத்தவர்களுக்கும் அதே அளவு பலன்தான், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு அதற்கு மேல் கூடுதலாகவும் ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தப் பலன் எடை பெரிதாகக் குறையாமலேயே வந்தது. என் எடையும் பெரிதாக இறங்கவில்லை, அதனால் எனக்கு இது ஆறுதல். அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் ஏழு சதவீதம் குறைக்க முயன்று வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சுகர் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. நம் நாட்டு எண் அதில் பாதிதான், அதையும் சொல்லவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2023-இல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் 13.6 கோடிப் பேர் பார்டரில் இருக்கிறார்கள்.

எனக்கு மூன்று மாதம் கழித்து எடுத்த லேப் ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றில் 103, சராசரி 5.8. பார்டரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டேன் என்று சொல்லமுடியாது. இடுப்பு 94.

இனி குறைகள். நம் ஊர் வெக்கைக்கும் வியர்வைக்கும் இந்தப் பசை போதாது. பத்தாம் நாளே ஓரம் தூக்கிக்கொண்டது, மெடிக்கல் ஷாப் பிளாஸ்டரை மேலே சுற்றித்தான் ஓட்டினேன். குளிக்கலாம், கடலில் முங்கிக் குளிக்க நான் துணியவில்லை. சட்டை கழற்றும்போதும் கதவு நிலையிலும் மாட்டும். எனக்கு வந்த ஆப்பில் தமிழ் இல்லை, மகள் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். கூடவே தினமும் ஒரு மார்க் போட்டு, 'இன்று நீங்கள் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்' என்கிற தோரணையில் செய்தி அனுப்புகிறது, முடியும் நாளுக்கு முன்னாலேயே அடுத்த சென்சார் வாங்கச் சொல்லி இன்னும் நாலு செய்தி. நண்பர் ஒருவருக்கு ஒன்பதாம் நாளே சென்சார் செத்துவிட்டது. மாற்றித் தருவார்கள்தான், ஆனால் டப்பாவின் படம், சீரியல் நம்பர், பில், வில்லையின் படம் என்று கேட்டு, வந்துசேர வாரக்கணக்கில் ஆயிற்று. டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள்.

இன்னொரு குறை சாமானுடையது அல்ல, மனுஷருடையது. கோடு 140-ஐத் தாண்டினாலே ஆப் நிறத்தை மாற்றிப் பயமுறுத்தும். சுகர் சுத்தமாக இல்லாதவருக்கும் சாப்பிட்ட பிறகு சில நேரம் 140-ஐத் தாண்டும், அதில் ஒன்றும் இல்லை. எதிர்க்கடை நண்பர் இந்தப் பயத்தில் இரண்டு வாரமும் முட்டையும் வெள்ளரிக்காயுமாகச் சாப்பிட்டுக் கோட்டை ரூல் தடி வைத்துப் போட்ட மாதிரி நேராக வைத்திருந்தார். எல்லாருக்கும் போனைக் காட்டினார். சென்சார் கழன்ற அன்றைக்கு ராத்திரி பிரியாணி. அவர் வழக்கமாகச் சாப்பிடுவது எதுவும் அவர் உடம்பை என்ன செய்கிறது என்று அவருக்கு இப்போதும் தெரியாது. இதை ஒட்டினால் முதல் வாரம் எப்போதும் சாப்பிடுவதையே சாப்பிடவேண்டும். இரண்டாவது வாரம்தான் மாற்றிப் பார்க்கவேண்டும்.

ஐயாயிரம் ரூபாய் எல்லாருக்கும் சின்னக் காசு இல்லை. ஆயிரம் ரூபாய்ச் சுற்றுக்கு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கினால் என் கோட்டில் முக்கால்வாசியை நீங்களே வரையலாம். ஒரு சாப்பாட்டைத் தேர்ந்துகொண்டு, சாப்பிடுமுன் ஒரு குத்து, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி கழித்து ஒரு குத்து. வேறொரு நாள் அதே சாப்பாட்டை அளவு மாற்றி, அல்லது பின்னால் நடந்துவிட்டு, மறுபடி. கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறே எண்ணைக் கூட்டிவிடும். மீட்டரும் 15 சதவீதம் வரை முன்பின் காட்டும், அதனால் 138-க்கும் 145-க்கும் வித்தியாசம் தேடி மண்டையை உடைக்கவேண்டாம். அதற்கும் வசதி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள்.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்களுக்கு இன்னும் ஓரிரண்டு. வைட்டமின் சி மாத்திரை பெரிய அளவில் எடுப்பவர்களுக்கு சில சென்சார்கள் சுகரைக் கூட்டிக் காட்டும், அந்த இரண்டு வாரம் நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவேண்டியிருந்தால் சில சென்சார்களைக் கழற்றச் சொல்லக்கூடும், ஒட்டிய மறுநாளே கழற்றினால் காசு போச்சு. மாசமாக இருக்கிற பெண்கள், ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் நான் எழுதியதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது, அவர்கள் கணக்கே வேறு. அப்புறம், எந்த இரண்டு வாரம் என்பதையும் யோசித்து வாங்குங்கள். விரத மாதத்திலும், ஊரில் யாரும் இல்லாமல் கஞ்சி குடித்து ஒப்பேற்றுகிற நாட்களிலும் ஒட்டிப் பயனில்லை. ஒரு கல்யாணமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பும் நடுவில் வருகிற மாதிரி பார்த்து ஒட்டுங்கள்.